நாவலரவர்களும் நித்திய நியமமும்

இக்காலத்திலே சைவ வித்தியாசாலைகளிற் கற்பிக்கும் உபாத்தியாயர்கள் இருவர் ஓரிடத்திற் கூடுவார்களாயின், அவர்கள் பேச்சு மாணாக்கருடைய மறதியையும் மனச்சிதறலையும் பற்றியதாகவே முடிகின்றது. நேற்றுக் கற்பித்த பாடம் இன்று நினைவில் இல்லை என்பதும், அரை நாழிகைதானும் ஒரு பொருளிலே மனம் நிற்பதில்லை என்பதும், புத்தகத்தை விரித்தவுடனே கொட்டாவி வருகின்றது என்பதும் அவர்கள் கூறும் முறைப்பாடுகள். பெற்றோருட் சிலர், ஞாபகசக்தியை வளர்க்கும் என்று விளம்பரஞ் செய்யப்படும் லேகியங்களையும் மாத்திரைகளையும் பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றார்கள். வேறு சிலர், அது பிறவியிலே அமைவது, நம்மால் ஆவது யாதுமில்லை என்று கைவிடுகின்றார்கள். இவ்விரு கொள்கையும் பொருந்தா என்பதற்கு, நமது ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்களுடைய சரித்திரமே தக்க சான்றாகும். அவர்களுடைய சமயத்தொண்டைப் பற்றிப் பலரும் பலகாலும் எழுதியிருக்கின்றார்கள். அத்தொண்டைச் செய்தற்கு வேண்டிய மனவொருமையும் ஞாபகமும் எவ்வகையான ஒழுங்கினாற் காக்கப்பட்டன என்பதையே இங்கே ஆராய்வோம்.

நாவலரவர்கள் 1822 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18 ஆந் திகதி யாழ்ப்பாணத்து நல்லூரிலே, கந்தப்பிள்ளை என்பவருக்கும் அவர் மனைவியார் சிவகாமியம்மையாருக்கும் புத்திரராகப் பிறந்தார்கள். பிள்ளைத்திருநாமம் ஆறுமுகம் என்பது. தந்தையார் தமிழிலே வல்லவர். நாடகம் இயற்றும் புலமையுடையவர். அவர் ஒரு நாடகத்தை இயற்றிக்கொண்டிருக்கும்போது, அது முற்றுப்பெறுமுன்னே தேகவியோகமாயினார். அப்பொழுது ஒன்பது வயதுச் சிறுவராயிருந்த ஆறுமுகமே எஞ்சிய பாகத்தைப் பாடி முடித்தார் என்பது யாவரும் அறிந்த செய்தி.

இச்செய்தியைக் கேட்பவர்கள், இது பூர்வ புண்ணியத்தினாலே வந்த அறிவு என்று சொல்லி அவ்வளவில் அமைந்துவிடுகின்றார்கள். பூர்வ புண்ணியத்தை நாம் மறுப்பதில்லை. ஆயினும், வித்து நன்றாயிருப்பினும் நிலமும் நீரும் வேண்டுமன்றோ? தந்தையார் பாடுவதை நாடோறும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்நாடகத்தின் நடையும் சந்தமும் செவிவழியாகவே நெஞ்சில் ஊறியிருத்தல் வேண்டும். அன்றியும், அக்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே பிள்ளைகள் மணலிலே விரலால் எழுதினார்கள். எழுதியதையே வாயாற் சொன்னார்கள். சொன்னதையே காதாற் கேட்டார்கள். கையும் வாயும் செவியும் ஒரே பொருளிலே ஒருங்கு பயின்றன. காலையிற் கற்றதை மாலையில் ஒப்புவித்தார்கள். நிகண்டும் எண்சுவடியும் நீதி நூல்களும் இவ்வாறே மனனமாயின. அம்முறையிற் பொருளுணராது ஒப்புவித்தல் என்னும் குற்றமும் இருந்தது. பிரம்பின் கொடுமையும் இருந்தது. ஆயினும், கற்றதை ஏட்டைப் பாராமல் மீட்டுச் சொல்லுதல் என்னும் நற்பழக்கம் அதனுள்ளே இருந்ததென்பதை மறத்தலாகாது.

அதன்பின் ஆறுமுகம், நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடத்தும், அப்புலவருக்கு ஆசிரியராகிய இருபாலைச் சேனாதிராச முதலியாரிடத்தும் இலக்கிய இலக்கணங்களைக் கற்றார். ஆங்கிலங் கற்கும் பொருட்டு, யாழ்ப்பாணத்திலே வெஸ்லியன் மிஷனார் நடாத்திய ஆங்கில வித்தியாசாலையிற் சேர்ந்தார். அதுவே இன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி எனப் பெயர் பெற்றிருப்பது. அதன் தலைவராகிய பீற்றர் பேர்சிவல் பாதிரியார், இவருடைய திறமையைக் கண்டு, அங்கேயே உபாத்தியாயராக நியமித்தார். கிறிஸ்தவ வேதத்தைத் தமிழிலே மொழிபெயர்க்கும் வேலையிலும் இவரையே துணையாகக் கொண்டார். அம்மொழிபெயர்ப்பைப் பரிசோதிப்பிக்கும் பொருட்டு இருவரும் சென்னைக்கும் சென்றார்கள். பிற சமயத்தார் நடுவிலே இருந்தும் நாவலரவர்கள் தமது சைவாசாரத்தை நெகிழவிட்டாரல்லர்.

மிஷன் வித்தியாசாலையினின்று நாவலரவர்கள் பெற்றவற்றை நாம் நன்றியோடு சொல்லுதல் வேண்டும். இதனை எழுதுவோனும் அத்தகைய வித்தியாசாலை ஒன்றிலே கற்றவனே. அங்கே மணியோசையின்படி வேலை தொடங்கும், மணியோசையின்படியே முடியும். இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன பாடம் என்பது முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கும். ஒரு பாடத்தின் நேரத்திலே மற்றொரு பாடத்தின் புத்தகம் மேசைமேல் இருத்தலாகாது. அச்சிட்ட புத்தகம், வகுப்பு வரிசை, வினாவும் விடையுமாகப் போதிக்கும் முறை ஆகிய இவைகளும் அங்கே உண்டு. திண்ணைப் பள்ளியின் மனனப் பயிற்சியையும், மிஷன் பள்ளியின் கால நியமத்தையும், சைவ சமயத்தின் நித்திய கருமங்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒழுகியவர் நாவலரவர்கள். அம்மூன்றின் கூட்டமே அவர்களுடைய மனவொருமைக்கு நிலைக்களமாயிற்று என்பது எமது துணிபு.

1847 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31 ஆந் திகதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே நாவலரவர்களுடைய முதற் சைவப் பிரசங்கம் நிகழ்ந்தது. அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் நடைபெற்று வந்தது. இவ்வெள்ளிக்கிழமை நியமத்தை நாம் கவனித்தல் வேண்டும். வாய்த்தபோது பேசுவேன் என்றிருப்பவனுக்கு ஆயத்தமும் வாய்த்தபோதே நிகழும். வாரந்தோறும் குறித்த நாளிலே சபையின்முன் நிற்கவேண்டியவனோ, மற்றை ஆறு நாளும் அதற்காகவே படிப்பான், சிந்திப்பான், ஒழுங்குபடுத்துவான். நாள் தவறாத கடமை மனத்தை ஒரு வழியிலே நிறுத்தும் வல்லமையுடையது. 1848 ஆம் ஆண்டிலே நாவலரவர்கள் மிஷன் உத்தியோகத்தையும் அதன் சம்பளத்தையும் விட்டு நீங்கி, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். இல்வாழ்க்கையையும் மேற்கொள்ளாது, தமது காலம் முழுவதையும் ஒரு குறிக்கோளுக்கே உரியதாக்கினார்கள்.

வித்தியாசாலைக்குப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்கு அச்சியந்திரம் வேண்டும். அதனை வாங்கும் பொருட்டு 1849 ஆம் ஆண்டிலே இந்தியாவுக்குச் சென்றபோது, திருவாவடுதுறை ஆதீனத்தாரால் நாவலர் என்னும் பட்டம் அளிக்கப்பெற்றார்கள். யாழ்ப்பாணத்திலே தாபிக்கப்பட்ட அச்சுக்கூடத்துக்கு வித்தியானுபாலன யந்திரசாலை என்று பெயர். பாலபாடங்களும், சைவ வினாவிடைகளும், 1852 ஆம் ஆண்டிலே வெளிவந்த பெரியபுராண வசனமும், 1861 ஆம் ஆண்டிலே வெளிவந்த திருக்குறட் பரிமேலழகருரைப் பதிப்பும், நன்னூற் பதிப்புக்களும், பிறவும் அவர்களுடைய உழைப்பினால் நமக்குக் கிடைத்தன.

ஏட்டுப் பிரதியை அச்சிலே ஏற்றுதல் எத்தன்மைத்து என்பதை அவ்வேலை செய்தவரே அறிவர். ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லை. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் பேதம் இல்லை. சொற்கள் பிரிவின்றித் தொடர்ந்து செல்லும். பொருளறிந்தன்றிப் படித்தல் இயலாது. பல பிரதிகளை ஒப்புநோக்கி, எழுத்தெழுத்தாக உறுதிசெய்து, அச்சான தாளையும் மீண்டும் மீண்டும் பார்த்துத் திருத்துதல் வேண்டும். கண் ஒன்றைக் காண மனம் மற்றொன்றை எண்ணுமாயின், பிழை அங்கே தங்கிவிடும். நாவலர் பதிப்பு என்றாற் பிழையற்றது என்று கற்றோர் கொண்டாடுதற்குக் காரணம் அவர்களுடைய கல்வி மாத்திரமன்று. செய்யும் வேலை ஒன்றிலேயே மனத்தை வைக்கும் பழக்கமுமாம். இரண்டு வேலையை ஒருங்கே செய்வதாக நினைப்பவன், உண்மையிலே ஒன்றினின்று மற்றொன்றுக்கு மனத்தை மாற்றி மாற்றி ஓடுகின்றான் என்றும், அவ்வாறு மாறுந்தோறும் காலமும் செம்மையும் குறைகின்றன என்றும் இக்காலத்து மனோதத்துவ நூலார் பரீட்சித்துக் கூறுகின்றனர். கைத்தொலைபேசியை அருகே வைத்துக்கொண்டு படிக்கும் பிள்ளைக்கும், அவ்வாறே பாடக்குறிப்பு எழுதும் உபாத்தியாயருக்கும் இது பொருந்தும்.

நாவலரவர்கள் தம் மனத்தை அடக்கியதோடு அமையாது, சிறுவருடைய மனத்தின் அளவையும் நன்கறிந்திருந்தார்கள். முதற் பாலபாடம் சிறுசிறு வாக்கியங்களாலே தொடங்குகின்றது. பின்வரும் பாலபாடங்களிலே வாக்கியமும் பொருளும் படிப்படியாக வளர்கின்றன. தமிழ் வசனத்திலே நிறுத்தக் குறியீடுகளை வழங்கச் செய்தவர்களுள்ளும் அவர்களே முதன்மையாக மதிக்கப்படுகின்றார்கள். எங்கே நிற்பது, எங்கே தொடர்வது என்று தெரிந்தால், படிக்கும் பிள்ளையின் கவனம் சொல்லைப் பிரிப்பதிலே செலவாகாமல் பொருளிலே செல்லும். ஒரே சமயத்திலே மனம் தாங்கக்கூடிய பொருள்கள் மிகச் சிலவே. அவ்வளவைக் கடந்து கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு ஞாபகம் இல்லை என்று குறைகூறுதல், சிறு செம்பிலே குடத்து நீரை வார்த்துவிட்டுச் செம்பைப் பழிப்பது போலாம்.

இனி, நித்திய நியமத்தைப் பற்றிச் சொல்வோம். நாவலரவர்கள் சைவ வினாவிடையிலே, சைவ சமயி ஒருவன் சூரியன் உதிப்பதற்கு ஐந்து நாழிகைக்கு முன் நித்திரை விட்டெழுதல் வேண்டும் என்று விதித்தார்கள். எழுந்து கடவுளைத் தியானித்தல், மலசல மோசனம், சௌசம், தந்தசுத்தி, ஸ்நானம், அனுட்டானம், செபம், போசனம், சயனம் என நாளொன்றின் கருமங்கள் நியமம் பெற்றிருக்கின்றன. இவைகளைச் சமய விதி என்று மாத்திரம் கொள்வோர் பலர். அவை உடலையும் மனத்தையும் காக்கும் விதிகளுமாம். நாடோறும் ஒரே நேரத்தில் ஒரே ஒழுங்கிற் செய்யும் கருமங்கள் பழக்கமாகிவிடுதலால், அவற்றைச் செய்வோமா விடுவோமா என்று மனம் வீணே போராடுவதில்லை. மனத்தின் வலிமை, கற்றற்கும் கற்பித்தற்கும் மிஞ்சி நிற்கும். எழுந்த கண்ணோடு உலகச் செய்திகளைத் தேடாமல், சிலபொழுது அசையாதிருந்து ஒரு நாமத்தையே எண்ணுதல், மனத்தை அலையவிடாது பிடித்து நிறுத்தும் அப்பியாசமுமாம். செபத்திலே மனம் விலகும்போது அதனை மீட்டுக் கொணர்ந்து நிறுத்துகின்றோம். அவ்வாறு மீட்கும் பழக்கமே படிப்பிலும் துணையாகின்றது.

நாவலரவர்கள் நீதிஸ்தலத்திலே சாட்சி சொல்ல நேர்ந்ததாக நம்மவருள்ளே வழங்கும் கதை ஒன்று உண்டு. ஆங்கிலத்திலே பேச வல்லவராயிருந்தும் தமிழிலேயே சொல்லும்படி கேட்கப்பட்டபோது, மொழிபெயர்ப்போன் திகைக்கும்படி செந்தமிழிலே சொன்னார்களென்பது அக்கதை. அதனை அவர்களுடைய சொல்வன்மைக்கு உதாரணமாகவே யாவரும் எடுத்துக்காட்டுவர். அவர்கள் சொன்ன பொருள் யாது என்பதைக் கவனிப்பவர் சிலரே. சூரியோதயத்துக்கு நாலு நாழிகைக்கு முன்னே, கடற்கரையிலே, காற்று வாங்கும் பொருட்டு நடந்துசென்றபோது கண்டதையே சொன்னார்களாம். கர்ணபரம்பரைக் கதையாயினும், வைகறையில் எழுந்து கடற்காற்றில் உலாவுபவராகவே தமிழ்மக்கள் அவர்களை நினைவில் வைத்திருத்தல் இன்பந் தருகின்றது. நடத்தல் மூளைக்கும் மருந்தென்பது இக்காலத்திலே தெளிவாகியிருக்கின்றது. முதியோர் சிலரை வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு நாற்பது நிமிஷமாக ஓராண்டு விரைந்து நடக்கச் செய்து, ஐக்கிய அமெரிக்காவிலே ஓர் ஆராய்ச்சி நடந்தது. அவர்களுடைய மூளையிலே ஞாபகத்துக்குரிய பாகம் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு வளர்ந்தமை 2011 ஆம் ஆண்டிலே வெளியிடப்பட்டது. உடற்பயிற்சி நேரத்தைப் பரீட்சைப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் உபாத்தியாயர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.

வைகறை எழுதலைப் பற்றி, யான் செய்த பிழை ஒன்றையும் இங்கே சொல்லுதல் கடன். பல வருஷங்களுக்கு முன், பரீட்சைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு, நாவலரவர்கள் விதித்த நேரம் என்னும் எண்ணத்தினாலே, காலை நாலரை மணிக்கு விசேஷ வகுப்பு ஒன்றைத் தொடங்கினேன். பிள்ளைகள் தவறாமல் வந்தார்கள். ஆயினும், கண் சிவந்து, தலை சாய்ந்து, சொன்னதையே மறுபடியும் கேட்டார்கள். சிலநாளிலே, முன்னே நன்றாய்ப் படித்தவர்களும் பின்னடைந்தார்கள். யான் அவர்களைச் சோம்பர் என்று கடிந்தேன். பின்னர் ஒரு பிள்ளையின் தாயார் வந்து, மகன் வேறிடத்து வகுப்பு முடிந்து, வீட்டுவேலையும் எழுதி, பதினொரு மணிக்கே படுக்கின்றான் என்று சொன்னபோது என் அறியாமை எனக்குத் தெரிந்தது. நியமத்தின் ஒரு நுனியை மாத்திரம் பிடித்துக்கொண்டு மற்றை நுனியை விட்டுவிட்டேன். நாவலரவர்கள் காலத்திலே இருள் சூழ்ந்தபின் விளக்கெண்ணெய்ச் செலவும் நோக்கி, வீடுகள் முன்னிரவிலேயே அடங்கும். எழுதலுக்கு நேரம் விதித்த நியமத்திலே சயனமும் ஓர் அங்கமாய் அடங்கியிருந்தது.

பகலிலே கற்றவை இராத்திரி நித்திரையிலேதான் மூளையில் உறுதிப்படுகின்றன என்பது இப்பொழுது வைத்திய நூலார் துணிந்த உண்மை. ஆறு முதற் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒன்பது முதற் பன்னிரண்டு மணிநேரமும், பதின்மூன்று முதற் பதினெட்டு வயது வரையுள்ளவர்களுக்கு எட்டு முதற் பத்து மணிநேரமும் நித்திரை வேண்டும் என்று அமெரிக்க நித்திரை வைத்திய சங்கத்தார் 2016 ஆம் ஆண்டிலே வரையறுத்தார்கள். ஐந்து நாழிகை என்பது இரண்டு மணிநேரம். அவ்விதிப்படி நாலு மணியளவில் எழவேண்டிய பத்து வயதுப் பிள்ளை, முந்திய இரவு ஏழு மணிக்கே உறங்குதல் வேண்டும். இக்காலத்து வீடுகளிலே அது கைகூடுவது அரிது. ஆகலின், சிறுவரை எட்டரை மணிக்குள் உறங்கச் செய்து, ஐந்தரை மணிக்கு, சூரியன் உதிக்குமுன், எழுப்பினால் நியமத்தின் கருத்து நிறைவேறும். வயது வளர, நித்திரையின் அளவு குறையக் குறைய, எழும் நேரத்தை முன்னே கொண்டுசெல்லலாம். நித்திரையைத் திருடிப் படிப்பிப்பது, விதைத்த வயலை அன்றிரவே உழுதுவிடுவதை ஒக்கும்.

உணவைப் பற்றியும் சிறிது சொல்வோம். 1876, 1877 ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்தில் உணவுப்பஞ்சம் உண்டாயிற்று. அப்பொழுது நாவலரவர்கள் பொருள் திரட்டி, கஞ்சித்தொட்டித் தருமம் நடாத்தி, பசித்தோருக்குக் கஞ்சி வார்ப்பித்தார்கள். கல்வியையே உயிராகக் கொண்ட பெரியார், பசித்த வயிற்றுக்குப் பிரசங்கம் போதாது என்பதை அறிந்திருந்தார்கள். காலையிலே உண்ணாது வரும் பிள்ளையின் மனம் பாடத்திலே நில்லாமைக்கு மனம் குற்றவாளியன்று. இரத்தத்திலே இரும்புச்சத்துக் குறைந்தாலும் கவனமும் கற்கும் வன்மையும் குறையும். புலாலை விலக்கும் சைவர், அச்சத்தைத் தரும் என்று பிறர் சொல்லும் குறைகளை விலக்க, அறிந்து உண்ணுதல் வேண்டும். முருங்கையிலை முதலிய கீரைகளும், பயறு, உழுந்து, கடலை, எள்ளு, குரக்கன் என்பனவும் நம் ஊரிலேயே உள்ளன. அவற்றோடு தேசிக்காயையாயினும் நெல்லிக்காயையாயினும் சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து உடலிலே நன்கு சேரும். உணவோடு தேயிலை நீர் பருகினால் அது சேர்வது குறையும். ஆகையால் தேநீரை ஒரு மணிநேரம் கழித்துப் பருகுதல் நன்று. மிகையாக உண்டு மயங்குதலும் பசியால் வாடுதலைப் போலவே படிப்புக்குப் பகையாம்.

மாணாக்கர் கற்கும் முறையைப் பற்றி, நாவலரவர்கள் பதிப்பித்த நன்னூலின் பொதுப்பாயிரம் கூறுவதை உபாத்தியாயர்கள் யாவரும் அறிவார்கள். ஒரு நூலை இரண்டாம் முறை கேட்டவன் பிழை நீங்குவான். மூன்றாம் முறை கேட்டவன் முறையறிந்து பிறருக்குச் சொல்ல வல்லவனாவான். ஆசிரியரிடம் கேட்டதனாற் கால்பங்கும், உடன்கற்போரோடு பழகுதலாற் கால்பங்கும், பிறருக்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் புலமை நிரம்பும் என்பது அதன் கருத்து. ஜெர்மனி தேசத்து எபிங்ஹவுஸ் என்பவர் தம்மையே பரீட்சைப் பொருளாக்கி ஆராய்ந்து, 1885 ஆம் ஆண்டிலே ஒரு நூல் வெளியிட்டார். கற்றவற்றுட் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துபோகும் என்றும், இடைவிட்டு மீண்டும் பயின்றால் மறதி குறையும் என்றும் அதிற் காட்டினார். 2006 ஆம் ஆண்டிலே வேறு அறிஞர், ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களிலும், புத்தகத்தை மூடிவிட்டு நினைந்து எழுதியவர்களே ஒரு வாரத்தின்பின் அதிகம் நினைவுற்றார்கள் என்று நிறுவினார். நாவலரவர்கள் சமய பாடத்தை வினாவும் விடையுமாக அமைத்தது, மிஷனார் கையாண்ட முறையை நம் சமயத்துக்கு ஏற்றபடி கொண்டதாகும். வினாவப்படும்போது மனம் தன்னுள்ளே தேடுகின்றது. தேடி எடுத்த பொருள் பின்னும் உறுதியாகின்றது.

நாவலரவர்கள் 1864 ஆம் ஆண்டிலே சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். கடல் கடந்தும் ஊர்தோறும் பலமுறை பிரயாணஞ் செய்து உழைத்தார்கள். 1879 ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே, சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைத் தினத்தில், வண்ணார்பண்ணை வித்தியாசாலையிலே செய்ததே அவர்களுடைய கடைசிப் பிரசங்கமாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் மாதம் 5 ஆந் திகதி சிவபதம் அடைந்தார்கள். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமையே. அப்பொழுது வயது ஐம்பத்தாறு. இதனை எழுதுவோனும் அவ்வயதை அணுகியவனாதலின், அவ்வெண்ணைக் காணுந்தோறும் உள்ளம் நாணுகின்றது. நித்திய நியமம் நீண்ட ஆயுளைத் தரும் என்று நாம் வாக்குக் கொடுப்பதற்கில்லை. கிடைத்த ஆயுளிலே ஒருநாளும் வீண்போகாதபடி காக்கும் என்பதற்கு அவர்கள் சரித்திரம் சான்று பகர்கின்றது.

சைவ உபாத்தியாயர்களே, மாணாக்கருடைய மனவொருமைக்கு மருந்து கடையில் இல்லை. காலந்தவறாத நித்திரையும், வைகறை எழுதலும், ஸ்நானமும், சிறிதுநேரத் தியானமும், அளவான நல்லுணவும், உடல் அசைய நடத்தலும், ஒரு நேரத்தில் ஒரு வேலையும், கற்றதை மூடிவைத்து மீட்டுச் சொல்லுதலுமே அம்மருந்து. இவைகளைப் பிள்ளைகளுக்கு விதிக்குமுன் நாமே கைக்கொள்ளுதல் வேண்டும். இரவு நெடுநேரம் விழித்து, காலையில் விரைந்தோடி வந்து, கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே வகுப்பிலே நிற்கும் உபாத்தியாயர் மனவொருமையைப் பற்றி எவ்வளவு பேசினாலும், பிள்ளை அவர் சொல்லைக் கேளாது. அவர் செயலையே பார்க்கும். வருகின்ற கார்த்திகை மகத்திலே நாவலரவர்களுடைய குருபூசையைக் கொண்டாடும்போது, மாலை சாத்திப் பிரசங்கஞ் செய்வதோடு அமையாமல், ஒவ்வொருவரும் ஒரு நியமத்தையாயினும் மேற்கொண்டு, அடுத்த கார்த்திகை மகம் வரையும் வழுவாது காப்போமாக. அதற்குச் சிவபெருமான் திருவருள் முன்னிற்பதாக.